ஒரே தட்டில் இரண்டு பேர் ரத்தம்

எங்கள் இரண்டு பேர் ரத்தமும் ஒரே தட்டில் கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் என் உடம்பிலிருந்து எடுத்த செல்கள் கொஞ்சம், என் சிநேகிதியின் உடம்பிலிருந்து எடுத்தவை கொஞ்சம். என்னுடையவை சேதி சொல்கிறவை. அவளுடையவை சேதி கேட்டுச் சண்டைக்குக் கிளம்புகிறவை. என்னுடையவை என்ன சொல்கின்றன, அவளுடையவை அதை எவ்வளவு தூரம் நம்புகின்றன என்று அளப்பதுதான் வேலை.

"எங்கிட்ட எடுத்ததெல்லாம் வீரனுங்க. உங்கிட்ட எடுத்ததெல்லாம் கோள்மூட்டி" என்பாள் அவள்.

"கோள்மூட்ட ஆள் இல்லன்னா உன் வீரனுங்க தூங்கிக்கிட்டேதான் கெடப்பானுங்க, போடி" என்பேன் நான்.

முறைப்படி எடுத்த ரத்தம்தான். அனுமதி வாங்கி, கையெழுத்துப் போட்டு, நர்ஸ் அக்கா ஊசி குத்தி, முடிந்ததும் ஆளுக்கு ஒரு மாம்பழ ஜூஸ். அவள் தன் ஜூஸைக் குடித்துவிட்டு என்னுடையதிலும் பாதியைக் குடித்தாள்.

எம்.எஸ்சி. முடித்த கையோடு நானும் அவளும் தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தோம். எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய புராஜெக்டில், உதவித்தொகையோடு பிஎச்.டி. சேர ஒரே ஒரு இடம் வந்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து உட்கார்ந்து எங்கள் வேலையைக் கேட்பார்கள், ஓர் ஆளை எடுப்பார்கள். போட்டியில் இருந்தது நாங்கள் இருவர் மட்டும்தான்.

எனக்குக் கிடைக்காவிட்டால் என்ன என்பது வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. "இந்த ஒரு தடவை பாத்துடு. இல்லன்னா பி.எட். சேந்துக்க. கான்வென்ட்ல சிஸ்டர்கிட்ட பேசி வச்சிருக்கேன்" என்றார் அப்பா. மிரட்டல் எல்லாம் இல்லை. சொன்னதைச் செய்கிற மனிதர், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது கேவலமான வேலை என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் புத்தகத்தில் அச்சாகிவிட்டதைச் சொல்வது ஒன்று, இன்னும் அச்சாகாததை மைக்ராஸ்கோப்பில் முதல் ஆளாகப் பார்ப்பது வேறொன்று. எனக்குப் பைத்தியம் அந்த இரண்டாவதன் மேல்.

அவளுக்கு ஊர் பூம்புகார் பக்கம். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இங்கே ஹாஸ்டலில் இருந்தாள். நான் பூதலூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனேன். என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்கு. அவள் ஊருக்குப் போய்வந்தால் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றிய கருவாடு எனக்கு. அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தால், பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும்.

எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது அப்பாவின் காலால். கல்லூரிக் காலத்தில் ஒருநாள், வயல் வாய்க்காலில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிப் போட்டுக்கொண்டிருந்தவர் பாட்டில் சில்லை மிதித்துவிட்டார். பாதத்தில் காயம். மறுநாள் தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கம். "நெறி கட்டிடுச்சு" என்றார். எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வதுதான். காலில் குத்தினால் நெறி கட்டும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. நான் அந்த வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன். கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினேன்.

"அப்பா, கால்ல நடந்த சேதி அங்க போயிருக்குப்பா! அங்கதான் மீட்டிங் நடக்குது!"

"மீட்டிங்க சீக்கிரம் முடிக்கச் சொல்லு. உக்கார முடியல" என்றார் அப்பா.

விஷயம் இதுதான். நம் உடம்பில் பிறவியிலேயே கூட வரும் காவல் ஒன்று, பிறந்த பிறகு பட்டுப்பட்டுக் கற்றுக்கொள்ளும் காவல் ஒன்று. பள்ளிக்கூடத்தில், முதல் படை தோற்றால் இரண்டாம் படை வரும் என்கிற மாதிரிச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி இல்லை. இரண்டாம் படையில் இருக்கும் டி செல்லுக்குத் தானாக எதுவும் தெரியாது. எதிரி காலில் இருப்பான், இது நெறியில் உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் முதல் படையைச் சேர்ந்தது. டென்ட்ரிடிக் செல். தோலுக்கடியில் கைகளை விரித்துப் போட்டுக்கொண்டு, கிடைத்ததை எல்லாம் விழுங்கிப் பார்க்கும். ஏதாவது சிக்கினால் அதைத் துண்டாக்கி, ஒரு துண்டை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நெறிக்குப் போய்ச் சேரும். டி செல்களிடம் காட்டும்.

வெறுமனே காட்டினால் மட்டும் போதாது. நான் இதைக் கேன்டீனில் அவளுக்குச் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. "வீட்டு வாசல்ல நின்னு ஒருத்தன் 'வாய்க்கால்ல தண்ணி வருது'ன்னு சொல்றான். நீ என்ன பண்ணுவ? சரின்னுட்டு சோறு தின்னுவ. அதே ஆளு மூச்சு வாங்க ஓடியாந்து, 'தண்ணி!'ன்னு கத்தினா? கரை ஒடஞ்சிருக்குன்னு மம்பட்டியத் தூக்குவ. தண்ணி அதே தண்ணிதான்."

டென்ட்ரிடிக் செல் எதிரியின் துண்டைக் காட்டும்போதே, இன்னொரு கையையும் உயர்த்த வேண்டும். இது ஆபத்து என்று. எந்த மாதிரிச் சண்டைக்கு ஆயத்தமாக வேண்டும் என்பதையும் அதுவே ரசாயனமாகச் சுரந்து சொல்லிவிடும். துண்டை மட்டும் காட்டிவிட்டு ஆபத்து என்று சொல்லாமல் விட்டால், டி செல் சும்மா இருப்பதோடு போகாது. மரத்துவிடும். பிறகு உண்மையான எதிரியே வந்தாலும் அசையாது.

"அப்ப அரைகுறையா சொல்றதுக்கு வாய மூடிக்கிட்டு இருக்கலாம்" என்றாள் அவள், வடையைப் பிட்டுக்கொண்டே.

"சொன்னா முழுசா சொல்லணும்டி" என்றேன். என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி.

மேடத்தின் புராஜெக்ட், நம் சாப்பாட்டுப் பொருள்களில் ஏதாவது இந்தத் தூதுச் செல்லை உசுப்புமா என்று பார்ப்பது. உசுப்பினால் தடுப்பூசியோடு சேர்த்துக் கொடுக்கப் பயன்படும். ஊசி போட்ட இடத்தில் முதல் படையைத் தட்டி எழுப்ப ஏதாவது ஒன்று வேண்டுமே. மஞ்சள், வெந்தயம், பூண்டு என்று ஆளுக்கு ஒன்று செய்துபார்த்தோம். நான் அரிசித் தவிட்டைப் பிடித்துக்கொண்டேன். நெல் விளைகிற வீட்டுப் பெண், வேறென்ன செய்வேன்.

எங்களுக்குக் கொஞ்சம் கருப்புக் கவுனி நெல் உண்டு. வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் பயிரிடுவது. அதை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியைப் பச்சையாகவே மில்லில் கொடுத்துத் தவிடு எடுத்தேன். இன்னொரு பாதியை அம்மா வழக்கம்போல அண்டாவில் ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து, அப்புறம் மில்லுக்கு அனுப்பினாள். இரண்டு தவிட்டையும் தனித்தனியே வெந்நீரில் காய்ச்சி, வடிகட்டி, பிரஷர் குக்கரின் பெரியப்பா மாதிரி எங்கள் கூடத்தில் நிற்கும் ஆட்டோகிளேவில் வேகவைத்து, சாறாக எடுத்தேன். என் டென்ட்ரிடிக் செல்கள் மேல் விட்டேன். பிறகு அவளுடைய டி செல்களைச் சேர்த்தேன்.

பச்சைத் தவிட்டுச் சாறு விட்ட குழிகளில் ஒன்றும் நடக்கவில்லை. வெறும் தண்ணீர் விட்ட மாதிரி.

அவித்த தவிட்டுச் சாறு விட்ட குழிகளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் செல்கள் கைகால் முளைத்து நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. ஆபத்து சொல்லும் அந்த இரண்டாவது கையை எல்லாமே உயர்த்தியிருந்தன. அவளுடைய டி செல்கள் பெருகிப் பெருகிக் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே.

"அவிக்கிறதுலதான்டி இருக்கு!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "உமியோட அவியும்போது தவிட்டுலேருந்து ஏதோ ஒண்ணு அவுந்து வருது. நம்ம ஊர்ல காலங்காலமா நெல்ல அவிச்சுத் திங்கிறோமே, அதுல இருக்கு!"

"கைய எடு. தோள்பட்டை கழண்டுடும்போல" என்றாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டில் சொன்னேன். "மாதாவே, மாட்டுத் தவிட்டுல மருந்தா?" என்றாள் அம்மா. "அதுலயும் இந்தத் தடவை தவிடு நல்லாவே இல்ல. மழை புடிச்சுக்கிச்சுன்னு நெல்லு இன்னொரு நாள் ஊறல்லயே கெடந்துச்சு. புளிச்ச வாடை. நம்ம மாடே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

மறுநாள் சாப்பிடும்போது இதை அவளுக்கு நடித்துக்காட்டினேன், மாடு மாதிரி முகத்தைத் திருப்பி. விழுந்து விழுந்து சிரித்தாள்.

இந்த வேலையில் எல்லாரும் பயப்படும் பொருள் ஒன்று உண்டு. எண்டோடாக்சின். சிலவகை பாக்டீரியாக்களின் மேல்சுவரில் இருப்பது. பாக்டீரியா செத்தாலும் அது சாகாது. கொதிக்கவைத்தாலும் போகாது. வடிகட்டியிலும் நிற்காது. கண்ணுக்குத் தெரியாத துளி போதும், டென்ட்ரிடிக் செல் ஊரைக் கூட்டிவிடும். ஆகவே எதையாவது போட்டுச் செல் துள்ளினால், துள்ள வைத்தது நம் பொருளா அல்லது அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கா என்று பார்த்தே ஆகவேண்டும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பார்க்கும் சோதனை அவள் பொறுப்பில் இருந்தது. குதிரை லாட வடிவில் இருக்கும் ஒரு கடல் நண்டின் ரத்தத்திலிருந்து செய்த மருந்து. எண்டோடாக்சின் பட்டால் உறைந்துவிடும். அந்த நண்டுக்கு இரண்டாம் படையே கிடையாது, முதல் படையை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. "கடல் சமாச்சாரம், கடல்காரிகிட்ட இருக்கட்டும்" என்று சொல்லி மேடம் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

இரண்டு சாறையும் சின்னக் குப்பிகளில் ஊற்றி, ஸ்டிக்கரில் என் கையால் எழுதி ஒட்டி, அவளிடம் கொடுத்தேன். சில நாள் கழித்துக் கேட்டேன்.

"மருந்து தீந்துடுச்சுடி. ஆர்டர் போட்டிருக்கு. வந்தா உன்னோடதத்தான் மொதல்ல போடுவேன்."

"பிரசன்டேஷனுக்கு முன்னாடி வந்துடுமா?"

"வரலன்னாதான் என்ன? பச்சைத் தவிடு ஒண்ணும் பண்ணல, அவிச்சது பண்ணுது. ரெண்டும் ஒரே நெல்லு. இதுக்கு மேல என்ன ஒப்பிட்டுக் காட்டணும் உனக்கு? சும்மா கொழப்பிக்காத. ஸ்லைடப் பாரு."

அந்த ஸ்லைடுகளை என்னோடு உட்கார்ந்து பார்த்தவளும் அவள்தான். மஞ்சள் எழுத்து கண்ணைக் குத்துகிறது என்று நீலமாக மாற்றினாள். "அவித்தலே திறவுகோல்" என்று நான் தமிழில் ஒரு தலைப்பு வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கினாள்.

அந்த நாளும் வந்தது. பெயர் வரிசைப்படி நான் முதலில். பேசினேன் என்பதைவிடப் பறந்தேன் என்று சொல்லலாம். நெறி கட்டுவதில் ஆரம்பித்து, தூதுச் செல், இரண்டாவது கை, அவித்த தவிடு, பெருகும் டி செல் என்று மூச்சுவிடாமல். வந்திருந்தவர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எண்டோடாக்சின் பாத்தீங்களாம்மா?" என்றார்.

"மருந்து தீந்துபோச்சுங்க சார். வந்ததும் பாத்துடுவோம். ஆனா பச்சைத் தவிடு ஒண்ணும் செய்யாததால, பொருள்லதான் வித்தியாசம்னு நம்புறோம்."

நம்புறோம். அவளையும் சேர்த்துத்தான் சொன்னேன். மேடத்தைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அவள். பூண்டைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். முதல் ஸ்லைடில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் தலைகீழாக இருந்தன. ஒன்றில் நீர் கீழே வழிந்துவிட்டது. மற்றொன்றில் உள்ளே இருந்தது கெட்டியாக உறைந்து, தலைகீழாகப் பிடித்தும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், எதைச் சோதித்தாள் என்று தெரிய, குப்பியையும் வைத்துப் படம் எடுத்திருந்தாள். குப்பியில் ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் இருந்தது என் கையெழுத்து.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் புரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஸ்லைடு. எண்டோடாக்சினைப் பிடித்துக் கட்டிப்போடும் ஒரு மருந்தை என் சாற்றில் கலந்து, பிறகு செல்கள் மேல் விட்டிருந்தாள். நான் ஃப்ரீசரில் எடுத்துவைத்திருந்த என் செல்கள். அவளுடைய டி செல்கள். மருந்தைக் கலந்ததும் பெருக்கம் நின்றுவிட்டது. தாவரச் சாறுகளை வைத்து வேலை செய்கிறவர்கள் எப்படி ஏமாந்துபோகிறார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம் என்றாள். அமைதியாக, அழகாகச் சொன்னாள்.

மீசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அவிச்சதுல மட்டும் ஏம்மா வந்துச்சு?"

"அவிக்கிறதுக்கு முன்னாடி நெல்ல ஊறப்போடுவாங்க சார். ஊறல் தண்ணியில பாக்டீரியா நெறைய பெருகும். அவிக்கும்போது அது செத்துடும், சுவர் அப்படியே தங்கிடும். இந்த நெல்லு மழையால இன்னொரு நாள் ஊறல்ல கெடந்துச்சுன்னு அவங்களே சொன்னாங்க."

அவங்க. டிபன் பாக்ஸைப் பகிர்ந்த நேரத்தில் மாடு மாதிரி முகத்தைத் திருப்பிக் காட்டிச் சொன்னதை எடுத்து, என்னை 'அவங்க' ஆக்கி, அவர்கள் முன்னால் வைத்தாள்.

அவள் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. என் செல்களும் பொய் சொல்லவில்லை. அவை அழுக்கைப் பார்த்து ஆபத்து என்று கத்தின. அவற்றின் வேலையே அதுதான். நான்தான் அந்தக் கூச்சலைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். இதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே யோசித்து முடித்துவிட்டேன். கேள்வி இருக்கிறதா என்று என் பக்கம் திரும்பி மேடம் கேட்டபோது, இல்லை என்று தலையாட்டினேன்.

மாடிப்படியில் அவளைப் பிடித்தேன்.

"மருந்து எப்ப வந்துச்சு?"

"தீரவே இல்ல" என்றாள். மழுப்புவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். இல்லை. "நீ குப்பி குடுத்த அன்னைக்கே போட்டுட்டேன். உடனே கட்டியாயிடுச்சு."

"அன்னைக்கேவா? அதுக்கப்புறமா எங்கூட உக்காந்து ஸ்லைடுக்குக் கலர் மாத்தின?"

"கத்தாத. கீழ கேக்கும்."

"கேக்கட்டும்டி! ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிருக்கும் உனக்கு?"

"சீட்டு கொறஞ்சு போயிருக்கும்." படியில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? நல்லா யோசிச்சுச் சொல்லு. இதே வேலையை நீ செஞ்சிருப்ப. 'ஊறல் தண்ணி எப்படி ஆராய்ச்சிய ஏமாத்துது'ன்னு நீ நின்னு பேசியிருப்ப. என்னைவிட நல்லாவே பேசியிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை? உன் தவிடு, உன் ஊர், உன் வாயி. சீட்டு உனக்குத்தான். எங்கிட்ட என்ன இருந்துச்சு? பூண்டு. அது நாறுச்சே ஒழிய ஒண்ணும் பண்ணல."

"அதுக்காக?"

"உனக்கு இது போனா பி.எட். இருக்கு. எனக்கு இது போனா மாப்பிள்ள இருக்கான். பாத்து வச்சுட்டாங்க, தெரியுமா? உங்கிட்ட சொல்லல. சொன்னா பாவம்னு நீ விட்டுக்குடுப்ப. எனக்கு அது வேணாம்."

விட்டுக்கொடுத்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை, ஆகவே தெரிய வழியில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் இதுவும் ஒரு பங்கு. நல்லவளா கெட்டவளா என்று என்னை நானே பார்த்துக்கொள்ளும் சந்தர்ப்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

"என் செல்ல வச்சே என்னைக் கவுத்துட்டியேடி" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னோடதும்தான் அதுல இருந்துச்சு" என்றாள். எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டு கீழே போனாள்.

இடம் அவளுக்குத்தான் என்று அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். நான் மேடத்தின் அறைக்குப் போனேன். அழ வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க வந்தேன்.

"மேடம், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உக்காரும்மா."

"தெரியுமா மேடம்?"

"குழாயக் கொண்டாந்து காட்டினா. தெரியும்." மேசைமேல் இருந்த பேப்பர்களை அடுக்கினார். "நீயே வந்து மருந்து எங்க, நானே போடுறேன்னு கேப்பன்னு பாத்தேன். அடுத்த பெஞ்சுக்குக் கீழ ஃப்ரிட்ஜுலதான இருந்துச்சு? ஃப்ரிட்ஜத் திறந்து பாக்க எவ்ளோ நேரம் ஆகும்? சிநேகிதி சொன்னான்னு மேடையேறிட்ட. ஆராய்ச்சில அப்படி இருக்க முடியாதும்மா."

"நீங்க சொல்லியிருக்கலாம் மேடம்."

"சொல்லியிருந்தா, யாரு தேறுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் செய்தது பசியில் செய்தது. அதையாவது பிறகு எப்போதோ கொஞ்சம் விளங்கிக்கொள்ள முடிந்தது. மேடம் செய்தது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு செல்லை ஒரு குழியில் போட்டு எது என்ன செய்கிறது என்று பார்ப்பது போல எங்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அத்தனை நாளும் தினமும் காலையில், "தவிடு எப்படிம்மா போகுது?" என்று அன்பாகக் கேட்டுக்கொண்டே.

நான் எழுந்தபோது, ஏதோ நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார். "இத ஒரு கட்டுரையா எழுதப்போறோம். எல்லாருக்கும் உபயோகப்படும். சாறு எடுத்தது, செல் வளத்தது எல்லாம் நீதான். உன் பேரு ரெண்டாவதா வரும். வேற ஊர்ல பிஎச்.டி.க்கு அப்ளை பண்ண உனக்கு இது கைகொடுக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணா? நம்ம வீட்டுல வந்து சாப்புட்டிருக்கே" என்றார். ஜெயித்தது யார் என்பதைவிட அதுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அம்மா கட்டுரை விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். "பேரு வருதுல்ல? வாங்கிப் போட்டுக்க. வீம்பு புடிச்சு என்ன ஆகப்போகுது?"

அம்மா சொன்னது நியாயம்தான். பெயர் வந்தால் பெங்களூரிலோ புனேயிலோ கதவைத் தட்டலாம். தட்டுவதற்குக் கையில் வேறு எதுவும் எனக்கு இல்லை. இரண்டு நாள் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். ரயிலில் வரும்போது, கட்டுரையில் என் பெயர் எப்படி இருக்கும் என்று கண்ணாடி ஜன்னலில் விரலால் எழுதிக்கூடப் பார்த்தேன், முதலெழுத்தோடு.

கட்டுரை வரைவை அவளே அனுப்பியிருந்தாள். படித்தேன். நன்றாக எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வாக்கியம். அவித்த தவிட்டின் விளைவைக் கண்ட உடனே அது எண்டோடாக்சினாக இருக்குமோ என்று நாங்கள் ஐயுற்றோம், சோதித்தோம், உறுதிசெய்தோம். நாங்கள். அந்த 'நாங்கள்' என்ற சொல்லில் திரும்பத் திரும்பக் கண் போய் நின்றது. விளைவைக் கண்டது நான். ஐயுற்றது அவள். உறுதிசெய்தது அவள். தெரிந்துகொண்டு காத்திருந்தது மேடம். கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான், நீல எழுத்தில் தலைப்புப் போட்டுக்கொண்டு, எல்லார் முன்னாலும். கட்டுரையில் என் பெயர் வந்தால், எனக்கும் அப்போதே தெரியும் என்று ஆகிவிடும். மேடையில் நான் நின்ற அந்த மதியம் நடக்கவே இல்லை என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"என் பேர எடுத்துடு."

"ஏய், லூசு மாதிரி பேசாத. உனக்காகத்தான் மேடம்கிட்ட பேசி வாங்கிக் குடுத்தேன்."

"கண்டவுடனே நாங்கள் ஐயுற்றோம்னு எழுதியிருக்க. நான் ஐயுறலயேடி. உன்னை நம்பினேன். அத எழுத முடியுமா அதுல?"

அந்தப் பக்கம் ஹாஸ்டலில் யாரோ பக்கெட்டை இழுத்துப் போனார்கள். அவள் அறைக்கதவைச் சாத்தினாள்.

"கட்டுரையில அதெல்லாம் எழுத மாட்டாங்க" என்றாள்.

"அப்ப என் பேரும் வேணாம்."

"இதனால நஷ்டம் உனக்குத்தான். எனக்கில்ல."

"தெரியும்" என்றேன்.

தெரிந்துதான் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகும் நஷ்டம் எனக்குத்தான் என்பது மாறவில்லை. அடுத்த திங்கட்கிழமை அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கான்வென்ட்டுக்குப் போனார். பி.எட். விண்ணப்பத்தில் ஆராய்ச்சி அனுபவம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டேன். சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்து, "ஒண்ணும் பண்ணலயாம்மா? லேப்ல இருந்ததா உங்க அப்பா சொன்னாரே" என்றார். இருந்தேன் சிஸ்டர் என்று மட்டும் சொன்னேன்.